கோல்ஃப் மைதானப் பராமரிப்பு: கேள்வி பதில்

கே: க்ரீனில் (குழி இருக்கும் குட்டைப்புல் பரப்பில்) மேலாகத் தூவும் டாப் டிரெஸ்ஸிங் மணலைப் புல்லுக்குள் இறக்கும் பிரஷ் விலை கட்டுப்படியாகவில்லை. நாங்களே செய்துகொள்ளலாமா? (கோவை)

ப: தாராளமாக. வாசலில் போடும் தேங்காய் நார் மேட் போதும். வெளிநாட்டு மைதானங்களிலும் இது புழக்கத்தில் உண்டு. 5 அடி அகலம், 3 அடி நீளத்தில் நார் 25 மி.மீ. உயரமுள்ளதாக வாங்குங்கள். நார்ப்பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். முன் ஓரத்தின் மேல் 5 அடி மர ரீப்பரை வைத்து, அரை அடிக்கு ஒன்றாக உருண்டைத் தலை போல்ட்டைக் கீழிருந்து ஏற்றி, மேலே பெரிய வாஷர் போட்டு முடுக்குங்கள். தலை நாருக்குள் புதைந்துவிட வேண்டும். வெளியே நீட்டினால் க்ரீன் முழுக்கக் கீறல்தான். ரீப்பரின் இரு முனையிலும் கயிறு கட்டி இழுங்கள். கயிறு 2 மீட்டருக்குக் குறைந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் மணலை வாரிக் குவிக்கும்.

மணலும் புல்லும் காய்ந்திருக்க வேண்டும். பனி ஈரத்தோடு இழுத்தால் மணல் உருண்டு நாரில் அப்பும். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை போதும். திரும்புவதை க்ரீனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே திருப்பினால் புல் முறுக்கிக் கிழியும். உச்சி வெயிலில் இழுக்கவே வேண்டாம்.

500 சதுர மீட்டர் க்ரீனுக்கு அரை மி.மீ. கனம் என்றால் கால் கன மீட்டர் மணல், ஏறக்குறைய 400 கிலோ. மலிவு என்று எம்-சாண்ட் தூளைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பொடி தண்ணீர் இறங்கும் வழியை அடைத்துவிடும். அடியில் எந்த மணலோ, மேலேயும் அதே ரகம்தான்.

கே: ஸ்பிரிங்க்ளர் ஓடியும் சில இடங்கள் காய்கின்றன. நேரத்தைக் கூட்டலாமா? (ஊட்டி)

ப: முதலில் அளந்து பாருங்கள். காற்றில்லாத விடியற்காலையில், பக்கம் நேராக உள்ள ஒரே மாதிரி 20 டப்பாக்களை 3 மீட்டருக்கு ஒன்றாக வைத்து, 15 நிமிடம் ஓட விட்டு, நீரின் உயரத்தை ஸ்கேலால் குறியுங்கள். மிகக் குறைந்த ஐந்தின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள். சராசரி 5 மி.மீ., குறைந்தவை 3 மி.மீ. என்றால் 60 சதவீதம், அது மோசம். 75-க்கு மேல் வர வேண்டும். நேரத்தைக் கூட்டினால் நனைந்த இடம் சேறாகும், அவ்வளவுதான். சாய்ந்த ஹெட் (தண்ணீர் தெளிக்கும் தலை), மண்ணில் அமிழ்ந்த ஹெட், தேய்ந்த நாசில் (தண்ணீர் பீய்ச்சும் துளைமுனை), இந்த வரிசையில் பாருங்கள். பித்தளை நாசிலின் துளைக்குள், அது புதிதாக இருந்தபோதைய துளை அளவுள்ள டிரில் பிட்டின் வழவழப்பான பின்முனையை நுழையுங்கள். லொடலொடவென்று ஆடினால் மாற்றிவிடலாம்.

கே: பந்து விழும் குழிக்குள் உறை போல இருக்கும் கப் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆழத்தில் நிற்கிறது.

ப: கப்பின் விளிம்பு புல்தளத்துக்குக் குறைந்தது 25.4 மி.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது விதி. குழியின் விட்டம் 108 மி.மீ. அதனால் 105 மி.மீ. விட்டம், 26 மி.மீ. கனத்தில் வட்ட மரத்துண்டு ஒன்றை ஓர் அடிச் சதுரப் பலகையின் நடுவே திருகுங்கள். குழியின் மேல் வைத்து, பலகை புல்லைத் தொடும்வரை அமுக்கினால் போதும். யார் வைத்தாலும் ஒரே ஆழம். மரம் ஈரத்தில் ஊதும், வார்னிஷ் அடித்துவிடுங்கள்.