காமன் பொட்டலுக்கு எத்தனை பேர்ச்சஸ்?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். பல வருடமாகக் காமன் கூத்தில், அதாவது மன்மதன் எரிந்த கதையை மாசியில் ஆடும் எங்கள் கூத்தில், ரதி வேஷம் கட்டுகிறேன். நகரத் திட்டமிடல் படிக்க ஆசை, கூத்தையும் விட முடியாது. இரண்டும் சேர்ந்த தொழில் என்று ஒன்று உண்டா? வீட்டில் வாத்தியார் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்.

பதில்: அந்தப் பெயரில் வர்த்தமானியில் வெற்றிடம் வராது. திட்டமிடலாளர் என்ற பதவிக்குத்தான் சம்பளம். கூத்து அந்த வேலையைச் செய்யும் முறையாக உள்ளே வரும். எனவே முதலில் தகுதி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நகர, கிராமத் திட்டமிடல் துறையில் பட்டப்பின் படிப்புகள் உண்டு. புவியியல் பட்டம் அதற்கு நல்ல அடித்தளம். கற்கை ஆங்கிலத்தில், தமிழில் படித்து வந்தவர்கள் பலரும் தடுமாறுவது வரைபடத்தில் அல்ல, அறிக்கை எழுதும் இடத்தில்தான். அனுமதி வருவதற்கு முன்பே கியூஜிஐஎஸ் (QGIS) பழகிக்கொள்ளுங்கள், வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். படிப்புக்குப் பின் இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவகத்தின் உறுப்புரிமையைக் குறிவையுங்கள். வேலை தேட வேண்டிய இடங்கள்: நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம், வீடமைப்புத் திட்டங்களை நடத்தும் அமைப்புகள், தனியார் ஆலோசனைக் கம்பனிகள்.

கூத்தாடிக்கும் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டால் பற்றிக் கெடிஸ் (Patrick Geddes) என்ற ஸ்கொட்லாந்துத் திட்டமிடலாளரின் கதையைச் சொல்லுங்கள். 1921இல் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை எழுதியவர் அவர். அதற்கு முன் இந்தியாவின் இந்தூரில் பிளேக் பரவியபோது, தீபாவளிக்கு ஒரு ஊர்வலம் ஒழுங்கு செய்தார். வீடுகளை நன்றாகத் துப்புரவாக்கிய தெருக்கள் வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊர்வலத்தில் நோயைக் காட்டும் ராட்சத எலியும் போனது. ஊரே குப்பையை அள்ளியது.

நம் நாட்டிலேயே இன்னொரு முன்னோடி உண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், குடியிருப்பாளர்களே உட்கார்ந்து தெருவையும் எல்லையையும் முடிவு செய்யும் பட்டறைகள் நடந்தன. நபீல் ஹம்தி, ரைன்ஹார்ட் கோதர்ட் என்ற கட்டடக் கலைஞர்கள் அந்த முறையை வகுத்துப் பின்னர் வேறு நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள்.

உங்களிடம் எதிர்பார்க்கப்படும் திறமை ஒன்றுதான்: சனம் ஆடியும் பாடியும் கைகாட்டியும் சொல்வதை அளவாக மாற்றுவது. ஒரு கணக்கு பாருங்கள். புதிய வீடுகளுக்குக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று காணி பிரிக்கும்போது கூத்தாடும் காமன் பொட்டல் வெறும் நிலமாகத் தெரியும், பங்கு போட்டுவிடுவார்கள். "இது எங்கள் பண்பாடு" என்று கூட்டத்தில் முழங்கினால் அதிகாரி தலையாட்டுவார், வரைபடம் மாறாது. எண்ணில் சொல்லுங்கள். ஆட்ட வட்டம் 4 மீட்டர் ஆரை என்றால் 50 சதுர மீட்டர். சுற்றி நிற்கும் 300 பேருக்கு, சதுர மீட்டருக்கு இரண்டரைப் பேர் வீதம், 120 சதுர மீட்டர். மொத்தம் 170. ஒரு பேர்ச் 25.3 சதுர மீட்டர். 7 பேர்ச்சஸ் 177. ஆக நீங்கள் கேட்பது ஒரே ஒரு வீட்டுக் காணி. காமனை எரிக்கும் இடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஒன்றரை. இப்படிக் கேட்டால் மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

இனி, தோட்டத்தில் செய்யக்கூடிய ஒரு பட்டறை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் முற்றத்தில், தோட்டத்தையே 1:20 அளவில் வரைவது. 200 மீட்டருக்கு 140 மீட்டர் குடியிருப்புப் பகுதி தரையில் 10 மீட்டருக்கு 7 மீட்டராக வரும். தேவையானவை: 30 மீட்டர் நாடா, முளைக்குச்சிகள், நூல், விளையாட்டு மைதானத்துக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் 5 கிலோ, மூன்று நிறப் போத்தல் மூடிகள். ஒரு மீட்டருக்கு ஒரு நூல் கட்டினால் 70 கட்டங்கள். 12 அடி அகலக் காம்பரா (லயத்தில் ஒரு குடும்பத்தின் அறை) 18 சென்ரிமீட்டராக, பத்துக் காம்பரா லயம் 1.83 மீட்டராக விழும். நீங்கள் றோட்டையும் லயங்களையும் கோயிலையும் மட்டும் போடுங்கள். மற்றதை அவர்கள் போடட்டும்: தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் குறுக்குப்பாதை, மழைக்கு ஊற்றெடுக்கும் இடம், இருட்டினால் பெண்பிள்ளைகள் தனியாகப் போகாத வளைவு. நீல மூடி தண்ணீருக்கு, சிவப்பு பயத்துக்கு, மஞ்சள் கூடும் இடத்துக்கு.

பிறகு கட்டம் கட்டமாகக் கிராஃப் தாளில் பிரதி எடுங்கள். தரையின் ஒரு மீட்டர் தாளில் 4 சென்ரிமீட்டர், அது 1:500. முழுப்படமும் 40க்கு 28, ஒரு ஏ3 தாளில் அடங்கும். அன்றே எடுத்துவிட வேண்டும். இரவு மழை பெய்தால் காலையில் பால் நிறத் தண்ணீர்தான் மிஞ்சும்.

பிழை வரும் இடங்களைச் சொல்கிறேன். தரையில் வரைந்தது தட்டை. நம் மலைநாடோ சரிவு. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே கோடு ஒரு முழம், ஏற்றமோ மூச்சு வாங்கும். ஆகவே பக்கத்தில் 1:500 மாதிரியுருவும் வேண்டும்: 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு சென்ரிமீட்டர் ரெஜிபோம் நுரைத் தட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக.

மண்சரிவு பற்றி உங்கள் வாயால் "இங்கே பயமில்லை" என்று சொல்லவே கூடாது. 2014 ஒக்ரோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 மண்சரிவு அபாய வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் 10 மீட்டர். பத்துக் காம்பரா லயம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைப் பார்த்துத் தனி லயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவர்களின் கள ஆய்வு வேண்டும். ஆனால் சனம் காட்டிய ஊற்றும் வெடிப்பும் அந்த ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு உதவும்.

நேரம்: மாலை 6 மணிக் கூட்டத்துக்கு ஆண்கள்தான் வருவார்கள். அது அடுப்பு எரியும் நேரம். ஞாயிறோ போயாவோ முற்பகல் வையுங்கள்.

அனுமதி: 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, களத்தில் கோடு போடவும் துரையின் (தோட்ட முகாமையாளரின்) எழுத்துமூலச் சம்மதம் நல்லது. பிரதேச சபையையும் அழையுங்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்ற பழைய பதில் பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்தோடு போய்விட்டது.

சுவரோவியத்தைக் கடைசிக்கு வையுங்கள். நன்கொடையாளருக்கு அதுதான் பிடிக்கும், படம் எடுக்கலாம். ஈரம் ஏறிய கருங்கல் சுவரில் எமல்ஷன் ஒரு மழைக்காலம் தாண்டாது, உப்புப் பூத்து உரிந்துவிடும். எழுதியே ஆகவேண்டுமானால் ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை.

தப்பு (பறை) அடித்துக் கூட்டம் கூட்டலாம் என்று உங்களுக்கு முதலில் தோன்றும். எந்த அடி என்று கலைஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், சாவு வீட்டில் அடிப்பதும் அதே தோல்தான். கூலியையும் வரவு செலவில் முன்கூட்டியே எழுதுங்கள். குறிப்பிட்ட குடும்பங்கள் சும்மா வந்து அடிக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பை உங்கள் திட்டம் சுமந்து போகக்கூடாது. செலவுத் தலைப்பு "கலை நிகழ்ச்சி" என்றிருந்தால் பணம் இறுகும்போது முதலில் வெட்டுவார்கள். "சமூகக் கலந்தாலோசனை" என்று போடுங்கள். உங்கள் உழைப்புக்கு ஒன்பது நாள் கேளுங்கள்: ஆயத்தம் இரண்டு, பட்டறை ஒன்று, வரைதல் மூன்று, அறிக்கை இரண்டு, முடிவைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட ஒன்று. கடைசி நாளை விட்டுவிடுபவர்களைத் தோட்டம் இரண்டாம் முறை நம்பாது.

வாத்தியார் நியமனம் வந்தால் மறுக்க வேண்டாம், கற்கைக் கட்டணத்துக்கு ஆகும். இந்த மாசியில் பட்டறை எதுவும் வைக்காதீர்கள், நீங்கள் வேஷத்தில் இருப்பீர்கள். கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றுவதற்கு முதல்நாள் ஒரு நாடாவோடு போய்ப் பொட்டலை மட்டும் அளந்துகொள்ளுங்கள். எரிக்கும் இரவில் எத்தனை பேர், எங்கே நின்றார்கள் என்று தம்பி ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். மொறட்டுவை நேர்முகத்துக்கு எடுத்துப்போக அது முதல் தாள்.