முன்னாள்கள் முன்னேற்றக் கழகம்

கேள்வி: யெஸ் ராக் குழுவின் முன்னாள் பாடகர் ட்ரெவர் ஹார்ன் திரும்பி வந்து பாடியிருக்கும் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர் – ரிட்டர்ன் ட்ரிப்' ஆல்பத்தை வாங்கலாமா? (ஈரோட்டு வாசகர்)

பதில்: 'முன்னாள்' என்கிறீர்களே, அந்தக் குழுவில் முன்னாள் ஆகாதவர் யார் ஐயா? கீபோர்டு ரிக் வேக்மன் எத்தனை தடவை போனார், எத்தனை தடவை வந்தார் என்று அவருக்கே கணக்கிருக்காது. டிரம்மர் பில் புரூஃபோர்ட் 1972-ல் கிங் கிரிம்ஸன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குத் தாவி, 1991-ல் 'யூனியன்' ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தார். அதில் இந்நாள், முன்னாள் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். ஆனால் பல இடங்களில் வாசித்தது கூலிக்கு வந்த வேறு ஆட்கள். வேக்மன் அதற்கு 'ஆனியன்' என்று பெயர் வைத்தார். கேட்டால் கண்ணீர் வருகிறதாம். குழுவைத் தொடங்கியவர்களில் முன்னாள் ஆகாமலே இருந்தவர் பாஸ் கிதார் கிறிஸ் ஸ்குவயர் ஒருவர்தான். அவரையும் 2015-ல் காலன் கொண்டுபோனான்.

சரி, ஹார்ன். 1980-ல் குழுவின் முதல் பாடகர் ஜான் ஆண்டர்சன் விலகியதும் உள்ளே வந்து 'டிராமா'வில் பாடினார். நல்ல ஆல்பம். இப்படி எழுதினால் "ஆண்டர்சன் இல்லாமல் யெஸ்ஸா?" என்று வழக்கமான கோஷ்டி கார்டு போடும். போடட்டும். மேடையில்தான் ஆண்டர்சனின் உச்சஸ்தாயி ஹார்னுக்கு எட்டவில்லை. பாட்டை விட்டுத் தயாரிப்பாளரானார். 1983-ல் அதே ஆண்டர்சனைப் பாடவைத்து '90125' ஆல்பத்தைக் கொடுத்தார்.

2008-ல் ஆண்டர்சன் படுத்துவிட, ஸ்குவயர் யூடியூபில் ஆள் பிடித்தார். பெனுவா டேவிட், யெஸ் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடும் கனடாக் குழுவில் இருந்தவர். 2011-ல் ஹார்ன் தயாரிப்பில் அவர் பாடியதுதான் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்'. அடுத்த வருஷமே உடம்புக்கு முடியாமல் அவரும் முன்னாள். 2018-ல் ஹார்ன் அந்தப் பதிவையே எடுத்து, டேவிட் குரலைத் துடைத்துவிட்டுத் தானே பாடிவிட்டார். நம் சினிமாவில் டிராக் பாடுகிறவர்களுக்கு நடப்பதுதான் இது. அங்கே பாட்டு வெளிவருவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். இங்கே ஏழு வருஷம் கழித்து, காசு கொடுத்து வாங்கி மனப்பாடம் செய்தவன் காதுக்கெதிரே செய்கிறார்கள்.

ஹார்னுக்கும் உரிமை இல்லாமலில்லை. தலைப்புப் பாட்டு அவரும் கீபோர்டு ஜெஃப் டவுன்ஸும் எழுதியது, 1980-லேயே மேடையேறியது. 24 நிமிடத் தொகுப்பாக வளர்ந்த அதை டேவிட் அழகாகப் பாடினார். ஹார்ன் சொந்த வீட்டில் நடப்பவர்போல, பாதி பேச்சாகவே பாடுகிறார். எனக்கு ஹார்ன் பாடுவதுதான் பிடித்திருக்கிறது. பிடிக்காதது, ரீமிக்ஸ், ரீமாஸ்டர், முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று ஒரே சரக்கை மறுபடி மறுபடி நம் தலையில் கட்டும் வியாபாரம். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே வேண்டிய அளவு புலம்பியாயிற்று.

வாங்குங்கள். 2011 சிடி கையில் இருந்தால் மட்டும் பழைய கடையில் போட்டுவிடாதீர்கள். டேவிட் யெஸ்ஸோடு பாடிய ஸ்டுடியோ ஆல்பம் அது ஒன்றே ஒன்று.