முக்கோணம் தாங்கும் கூரை

கேள்வி: விமான நிலையங்களிலும் பெரிய அரங்குகளிலும் நடுவில் தூண் இல்லாமல், முக்கோணக் கம்பிவலை போன்ற கூரை எவ்வாறு நிற்கிறது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நான்கு மூங்கில் கழிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், சதுரம் சாய்ந்துவிடும். மூன்று கழிகளைக் கட்டினாலோ, கழி ஒடிந்தால் அல்லது கட்டு அவிழ்ந்தால் ஒழிய வடிவம் மாறாது. அத்தகைய முக்கோணங்களை மேலும் கீழுமாகப் பல திசைகளில் இணைக்கும்போது, சுமை ஒரே கம்பியில் தங்காமல் எல்லாவற்றுக்கும் பகிரப்படுவதாலும், ஒவ்வொரு கம்பியும் பெரும்பாலும் இழுவிசையையோ அழுத்தவிசையையோ மட்டுமே ஏற்பதாலும், மெல்லிய குழாய்களே அகன்ற கூடத்தை மூடிவிடுகின்றன. கனடாவின் மான்ட்ரியலில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் முக்கோணங்களால் வடிவமைத்த, சுமார் 76 மீட்டர் விட்டமுள்ள கோளம் இதற்குச் சிறந்த சான்று: 1976ஆம் ஆண்டுத் தீயில் அதன் அக்ரிலிக் உறை எரிந்துபோன பின்னும் எஃகுச் சட்டகம் நின்றது.

ஆனால், நம் கடலோரத்தின் உப்புக்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சும் கம்பிகள் சந்திக்கும் இணைப்பு முடிச்சுகளின் பராமரிப்பும் இன்றியமையாதவை. இங்குள்ள வெயிலுக்கு, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டா கட்டடத்தில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் அமைத்த, தளத்துக்கு மேல் காற்று உலவ இடைவெளி விட்ட வளைந்த கான்கிரீட் ஓட்டுக் கூரையையே நான் அதிகம் மதிக்கிறேன்.