ஊட்டியில் பருப்பு ஏன் வேக மறுக்கிறது? துகள்கள் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

ஊட்டியில் ஒரு பள்ளியில் பல வருடங்களாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி வருகிறேன். திண்மம், திரவம், வாயு, அடர்த்தி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். அடுப்படியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நிறைய கேள்விகள் வந்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டீச்சர், மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் துவரம்பருப்பு சீக்கிரம் குழைந்துவிடும். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்த பிறகு, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பருப்பு வேகவில்லை. தீயைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டாதீர்கள், கேஸ்தான் வீணாகும். கொதித்தால் நூறு டிகிரி என்பது கடல் மட்டத்துக் கணக்கு. தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே காற்று வேறு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீருக்குள்ளேயே ஆவிக் குமிழி உருவாக முடிகிற வெப்பநிலைதான் கொதிநிலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதனால் 92, 93 டிகிரியிலேயே குமிழி கிளம்பிவிடுகிறது.

அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கிற சூடெல்லாம் துகள்களைப் பிரித்து ஆவியாக்கவே செலவாகும். தண்ணீரின் சூடு ஏறாது. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக சுமார் 2,260 ஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். பருப்புக்குக் குறைவது அந்த ஏழெட்டு டிகிரி. குக்கர் ஆவியை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள். பருப்பை முன்கூட்டியே ஊறப்போட்டால் இன்னும் நல்லது.

மிஸ், கீழேயிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிட்டது. உள்ளே வாயுத் துகள்கள் பெரிதாகிவிட்டனவா? (ஒன்பதாம் வகுப்பு)

இல்லை கண்ணா. விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்துகிற தவறு இதுதான். துகள் உப்பாது, உருகாது, கொதிக்காது. மாறுவது துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி, அவற்றின் அசைவு, அடுக்கு. பாக்கெட்டுக்குள் எத்தனை துகள் இருந்ததோ அத்தனையேதான் இப்போதும். மலையேற ஏற வெளிக்காற்றில் துகள்கள் குறைந்துகொண்டே போகின்றன, அதனால் வெளியிலிருந்து மோதி அழுத்துவதும் குறைகிறது. உள்ளே இருப்பவை விலகி இடம் பிடிக்கின்றன. நிறை அதேதான், கன அளவு கூடிவிட்டது. ஆகவே அடர்த்தி குறைந்தது. பரீட்சையில் இப்படியே எழுது.

பள்ளத்தில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். ஜனவரியில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுகிற காலையிலும் உறைபனி விழுந்து செடி கருகுகிறது. மேட்டில் இருக்கிற பக்கத்துத் தோட்டம் தப்பிவிடுகிறது. பூஜ்யத்துக்கே போகாமல் எப்படி உறையும்?

ஐயா, நீங்கள் அளப்பது ஆள் உயரத்துக் காற்றை. மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்றைவிட இலை குளிர்ந்துபோகும். மேலே 3 டிகிரி இருக்கும்போதே இலைப்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கும்.

விழுகிறது என்று சொல்கிறோமே தவிர, உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை. காற்றில் இருக்கும் நீராவித் துகள்கள் அந்த இலையைத் தொட்ட இடத்திலேயே, பெரும்பாலும் தண்ணீராக மாறாமலே, பனிக்கட்டியாக அடுக்கிக்கொள்கின்றன. இதற்குப் படிதல் என்று பெயர். தலைகுந்தாவில் ஒரு விடியற்காலை ஸ்கூட்டர் சீட்டின் மேல் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உறைந்த சொட்டு ஒன்றுகூட இல்லை. ஊசி ஊசியாக, ஒவ்வொன்றிலும் பட்டை தெரிய, நிமிர்ந்து நின்றன. மூச்சு பட்டதும் நுனியிலிருந்து கரைந்தன.

மேட்டுத் தோட்டம் ஏன் தப்பிக்கிறது? குளிர்ந்த காற்றில் துகள்கள் நெருங்கியிருக்கும், அடர்த்தி அதிகம். அது சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உங்கள் தோட்டம்தான் அதற்குக் குளம். வழியில் அடர்ந்த வேலி இருந்து காற்றை மறித்தால், கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்துவிட்டுப் பாருங்கள். தேயிலைச் செடிகளின் மேல் தாகைச் செடி போட்டு மூடுவது சரியான வழி. இலையின் வெப்பம் வானத்துக்குப் போவதை அது தடுக்கும்.

ஸ்பிரிங்ளர் போடுவதானால் ஒன்று கவனியுங்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம்தான் இலையைப் பூஜ்யத்திலேயே பிடித்து வைக்கும். ஆனால் உறைவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடுராத்திரியில் மோட்டாரை நிறுத்தினால், ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர்விக்கும். போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். விடிந்து பனி தானாக உருகும்வரை ஓடட்டும்.

மூடுபனி என்பது நீராவிதானே?

இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே குளிர்ந்து நுண்துளித் தண்ணீராகிவிட்டது. குன்னூர் ரயில் எஞ்சின் விடுகிற வெள்ளைப் புகையும் பெரும்பாலும் அதுதான்.

அப்பா தைலம் காய்ச்சும் வேலை பார்த்தவர். யூகலிப்டஸ் எண்ணெய் 176 டிகிரியில்தான் கொதிக்கும் என்று படித்தேன். அடுப்பில் இருப்பதோ தண்ணீர், அதுவும் 93 டிகிரியில் கொதிக்கிறது. எண்ணெய் எப்படி வெளியே வருகிறது?

இந்தக் கேள்வி வந்ததும் இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு நல்ல கேள்வி. 176 டிகிரி என்பது தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாகக் கொதிக்கிற அளவு. தண்ணீரும் எண்ணெயும் கலக்காதவை, அதனால் ஒன்றின் துகள் தப்பிப்பதை மற்றது பெரிதாகத் தடுப்பதில்லை. எண்ணெய்த் துகள் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆவி அழுத்தம் தருகிறது, தண்ணீர் தன் பங்குக்கு நிறையத் தருகிறது. இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கலவை கொதித்துவிடும். ஆகவே தண்ணீரின் கொதிநிலைக்கும் சற்றுக் கீழேயே இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். குளிர்ந்து வழிந்ததும் தைலம் மேலே மிதக்கும். அதன் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 0.91 கிராம்தான். அப்பா வழித்தெடுத்தது அந்த மேல் அடுக்கைத்தான்.

தேங்காய் எண்ணெய் இங்கே எப்போதும் கட்டிதான். அடுப்புப் பக்கம் வைத்தால் பாதி உருகி, மீதிக் கட்டி அடியில் கிடக்கிறது. ஐஸ் மட்டும் ஏன் மிதக்கிறது?

எண்ணெய் செய்வதுதான் பொது வழக்கம். உறையும்போது துகள்கள் நெருங்கும், கட்டி கனக்கும், மூழ்கும். தண்ணீர் ஒரு விதிவிலக்கு. உறையும்போது அதன் மூலக்கூறுகள் நடுவில் வெற்றிடம் விட்டுக் கூண்டு போல அடுக்கிக்கொள்கின்றன. கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஃபிரீசரில் நிறைய ஊற்றி மூடிய பாட்டில் வெடிப்பது அதனால்தான்.

கண்ணுக்கே தெரியாத துகளை எப்படி நம்புவது டீச்சர்? (பத்தாம் வகுப்பு)

1827இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வந்த நுண்பொடி தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதுதான் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுக் காட்டினார். ழான் பெரன் அதை அளந்து நிரூபித்தார். 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீ வீட்டிலேயே ஒன்று செய். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். இரண்டையும் அசையாமல் வைத்து, ஒவ்வொரு சொட்டு மை விடு. ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் மை நூல் நூலாகத் தொங்கி நின்று நிதானமாகப் பரவும். வெந்நீரில் சீக்கிரமே டம்ளர் முழுக்க நீலம். நேரத்தைக் குறித்துக்கொண்டு வா, வகுப்பில் பேசுவோம்.