நாய் க்ரூமிங் போட்டியில் மூன்று நடுவர்களும் நியாயமாக, ஒரே சீராக மார்க் போட வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கோவையில் நாய் க்ரூமிங் (குளிப்பாட்டி, முடி வெட்டி அழகுபடுத்தும் வேலை) சலூன்காரர்கள் சேர்ந்து நடத்தும் போட்டி, 14 நாய்கள், 3 நடுவர்கள். போன தடவை இரண்டு நடுவர்கள் பின்னால் வைத்த நாய் முதல் பரிசு வாங்கி, மண்டபத்திலேயே தகராறாகிவிட்டது. இந்தத் தடவை எப்படித் தவிர்ப்பது?

முதலில் அந்தத் தகராறுக்கு வருவோம். அதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லைங்க, கூட்டல் முறையே அப்படித்தான். ஒரு நடுவர் 60 முதல் 95 வரை தாராளமாக விரித்துப் போடுவார். மற்ற இருவரும் 78-க்கும் 86-க்கும் நடுவிலேயே நிற்பார்கள். ‘அ’ என்ற நாய்க்கு 92, 80, 81, மொத்தம் 253. ‘ஆ’ என்ற நாய்க்கு 74, 84, 85, மொத்தம் 243. மூன்றில் இரண்டு பேர் ‘ஆ’தான் நல்ல வேலை என்கிறார்கள், பரிசு ‘அ’வுக்குப் போகிறது. விரித்துப் போடுகிறவர் கையில் மட்டுமே போட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே மார்க்கை நேராகக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் அவரவர் தாளுக்குள்ளேயே வகுப்புவாரியாக 1, 2, 3 என்று இடமாக மாற்றுங்கள். இரண்டு நாய்கள் மூன்றாம் இடத்தில் சமமாக நின்றால் இரண்டுக்கும் 3.5. இருவர் முதலிடம் கொடுத்த நாய்க்கே முதல் பரிசு. அப்படி எந்த நாயும் இல்லையென்றால் இடங்களின் கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதற்கு. அதுவும் சமமானால் ‘முடிப்பு’ (கத்தரி, கிளிப்பர் மெஷின் வேலையின் நேர்த்தி) மார்க் அதிகம் உள்ளது முன்னால். இதையெல்லாம் நுழைவுப் படிவத்திலேயே அச்சடித்துவிட வேண்டும். மார்க் வந்த பிறகு யோசிக்கிற விதியை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இந்த முறைக்கு ஒரே நிபந்தனை, மூன்று நடுவர்களும் எல்லா நாய்களையும் பார்க்க வேண்டும். நேரம் போதவில்லை என்று நாய்களைப் பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு செல்லாது.

அடுத்தது, யாரை நடுவராக உட்கார வைக்கிறீர்கள் என்பது. நாய்க் கண்காட்சி நடுவரைக் கூப்பிடுவது வழக்கமாக நடக்கிற தப்பு. காங்கேயம் காளைக்கு சுழியும் திமிலும் பார்த்து விலை சொல்கிற கண்ணு மாதிரி, அவர் கண்ணு நாயின் எலும்புக்கும் நடைக்கும்தான் போகும். க்ரூமிங் போட்டியில் மார்க் நாய்க்கு இல்லை, அதன்மேல் நடந்த வேலைக்கு. முதுகு நீளமான பூடில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு முன்பக்கமும் பின்தொடைப் பக்கமும் முடியை ஒட்ட எடுத்தால் உடம்பு குட்டையாகத் தெரியும். கால் குட்டை என்றால் வயிற்றுக் கோட்டை மேலே ஏற்றி வெட்டினால் கால் நீண்டு தெரியும். கண்காட்சி நடுவர் முடியைத் தள்ளிக் கைவைத்துப் பார்த்து, ‘முதுகு நீளம்’ என்று மார்க் குறைப்பார். நமக்கு வேண்டியது, அந்தக் குறையை மறைத்த கைக்கு மார்க் கொடுக்கிற ஆள். பத்து வருசம் மேசையில் நின்று கத்தரி பிடித்தவரே போதும், பட்டம் வேண்டியதில்லை.

மார்க் தாளுக்கு என் பரிந்துரை: பக்கவாட்டுத் தோற்றமும் சமநிலையும் 30, கத்தரி-கிளிப்பர் வேலையின் முடிப்பு 25, இனத்துக்குரிய வடிவம் 15, வேலையின் கடினம் 15, குளியல்-உலர்த்தல்-நகம்-காது 10, நாயைக் கையாண்ட விதம் 5. போட்டி தொடங்கும் முன் போட்டியில் இல்லாத ஒரு நாயை மேசையில் நிறுத்தி, மூவரும் தனித்தனியாக மார்க் போட்டு, பிறகு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பிரிவில் யாராவது இருவருக்கு நடுவே அதன் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்தப் பிரிவுக்கு அவர்கள் வேறு வேறு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். இருபது நிமிசம் பேசினால் தீரும். போட்டி தொடங்கிய பிறகு அவர்களுக்குள் பேச்சே கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது, கத்தரி எடுக்கும் முன்னால் நடக்கும் பார்வை. கடினத்துக்கான 15 மார்க்கும் அங்கேதான் முடிவாகிறது. ஆறு முதல் எட்டு வாரம் வளர்ந்த முடியோடு வந்த நாயும், பத்து நாள் முன்பு வடிவம் வெட்டி ‘சும்மா ஓரம் தட்ட’ வந்த நாயும் முடிவில் ஒரே மாதிரி அழகாகத்தான் நிற்கும். முன்பே வெட்டியது எப்படித் தெரியும்? முடியைச் சீப்பால் தூக்கி நிறுத்தினால் நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் மொட்டையாக நிற்கும், கால் தூணின் ஓரக்கோடு ஏற்கெனவே தெளிவாக இருக்கும். முதுகு, தொடை, முன்கால் மூன்று இடத்திலும் ஸ்கேல் வைத்து முடி நீளத்தை எழுதுங்கள். நான்கு பக்கமும் எண் அட்டையோடு படம் எடுங்கள். தோல் புண், காதில் சீழ், காய்ந்த கீறல் இருந்தால் அதையும் எழுதி, உரிமையாளர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு ‘இந்தக் காயம் மேசையில்தான் ஆனது’ என்ற பேச்சே வராது.

டெரியர் வகைக்கு ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங் (முதிர்ந்த ரோமத்தைக் கையால் பிடுங்கி எடுப்பது) என்றால் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பிடுங்கிய உடம்பில் இருக்கும் ரோமம் கரடுமுரடாக, நிறம் அடர்ந்து இருக்கும். கிளிப்பர் போட்டதில் நுனி போய்விடும், நிறம் வெளுத்து அடி ரோமம் மெத்தென்று தெரியும். கன்னம், தொண்டை, காது, அடிவயிறு இங்கெல்லாம் கிளிப்பர் வழக்கம்தான். முதுகும் விலாவும் சேர்ந்த ‘மேல்சட்டை’ப் பகுதியில் அதன் தடம் கண்டால் மார்க் போக வேண்டும்.

முடிவுப் பார்வைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், எல்லா நாய்க்கும் அதே வரிசை. இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி நின்று இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின். பிறகுதான் கிட்டே போவது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்வது பல நடுவர்களின் பழக்கம், ஆனால் சமநிலை என்பதே இரண்டு பக்கமும் ஒத்துப்போவதுதான். கான்டினென்டல் வெட்டில் (பூடிலின் பின்னுடம்பை மழித்து, கால்களில் முடி வளையம் விடுவது) முன்கால் வளையங்களின் மேல்விளிம்பு பின்கால் வளையங்களின் மட்டத்துக்கு வருகிறதா, பின்கால் வளையத்தின் மேல்விளிம்பு ஹாக் மூட்டுக்கு (பின்காலின் கணுக்கால் மூட்டு) மேலே சரிவாக ஏறுகிறதா என்று தாழ்ந்து உட்கார்ந்து பாருங்கள், நின்றபடி தெரியாது. கடைசியில் முடியை எதிர்ப்பக்கம் சீவிவிட்டு நாயை ஒருமுறை உதறவோ நாலடி நடக்கவோ விடுங்கள். ஸ்பிரே போட்டு நிற்க வைத்த முடி அங்கேயே சாயும், ஒழுங்காக வெட்டியது தன் இடத்துக்குத் திரும்பும். அக்குள், காதுக்குப் பின்னால், உள்தொடை மூன்றிலும் விரல் விட்டுப் பாருங்கள், சிக்கு ஒளிந்திருப்பது அங்கேதான். வெள்ளை நாயில் ஒவ்வொரு கத்தரித் தடமும் கண்ணில் குத்தும், கறுப்பில் மறைந்துவிடும். அதனால் கறுப்பு நாய்க்குக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தே மார்க் போட வேண்டும். ஜன்னலோர மேசை, இருட்டு மேசை என்ற வித்தியாசமும் இருக்கக் கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில், நேராக்கி உலர்த்திய பூடில் முடி கொஞ்ச நேரத்தில் சுருண்டுகொள்ளும். ஒரு நாய்க்கு 4 நிமிசம் என்றால் 14 நாய்க்கு 56 நிமிசம். மணி அடித்ததும் எல்லாரும் சீப்பைக் கீழே வைத்துவிட்டதால், பதினான்காவது மேசை நாய் ஒரு மணி நேரம் சுருண்டபடி நின்று மார்க் இழக்கும். இது வேலைக்காரர் தப்பு இல்லை. மூன்று நடுவர்களும் மேசை 1, 6, 11 என்று வெவ்வேறு இடத்தில் தொடங்கிச் சுற்றி வந்தால், காத்திருக்கும் பாரம் ஒருத்தர் தலையில் மட்டும் விழாது. கதவுகளைச் சாத்தி, மேசைப் பக்கம் திரும்பிய ஃபேன்களை நிறுத்திவிடுங்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் அப்படிச் செய்தால் நாய் மூச்சிரைத்து நாக்கைத் தொங்கப்போட்டுவிடும், அந்த மாதங்களில் ஏசி இல்லாத மண்டபம் வேண்டவே வேண்டாம்.

ஒரம்பரை (உறவுமுறை) விசயம் தனி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் க்ரூமர்கள் பலர் ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றவர்கள்தான். நடுவரின் மாணவர், அவர் சலூனில் வேலை பார்ப்பவர், அவரிடம் ஷாம்பூ வாங்கி விற்பவர் என்று யாராவது வந்தால் அதை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் நாய் வருகிற வகுப்பு முழுவதற்கும் வேறு நடுவர். சலூன் பெயர் போட்ட டி-சர்ட், ஏப்ரன் எதுவும் உள்ளே கூடாது, எண் அட்டை மட்டும்.

கையாளும் விதத்தை நடுவர்கள் கடைசியில் வந்து ஊகிக்க முடியாது. போட்டி நடக்கிற இரண்டு, இரண்டரை மணி நேரமும் ஒரு தளப் பொறுப்பாளர் சுற்றி வந்து, எந்த எண், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று எழுத வேண்டும்: கழுத்துக் கண்ணியில் தொங்கவிட்டது, காலை வெடுக்கென இழுத்தது, ஒரே இடத்தில் ஸ்லிக்கர் (கம்பிப் பல் பிரஷ்) தேய்த்துத் தோல் சிவந்தது. நகம் ஒட்ட வெட்டி ரத்தம் வந்தால் கையாளும் மார்க் ஐந்தும் போகும், ரத்தம் நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் வைத்து, நின்ற பிறகு தொடரலாம். தோலில் வெட்டு விழுந்தால் அந்த இடத்திலேயே வெளியேற்றம், நாய் கால்நடை மருத்துவரிடம். மருத்துவர் ஒருவரை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

14 நாயையும் ஒரே வகுப்பில் போடாதீர்கள். பூடில், டெரியர், ஷிட்ஸு மாதிரி நாய்களின் சாதாரண வீட்டு வெட்டு என்று மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்பில் நாலைந்துதான் வரும், பரவாயில்லை. ஆனால் குறைந்தபட்ச மார்க் ஒன்று வையுங்கள். மூன்று நடுவர்களின் சராசரி 70-ஐத் தொடாவிட்டால் அந்த வகுப்பில் முதல் பரிசு கிடையாது. வகுப்பு வெற்றியாளர்களில் ‘சிறந்தவர்’ தேர்வுக்கு வகுப்பு மார்க்கை எடுத்து ஒப்பிடாதீர்கள், மூன்று நாய்களையும் மறுபடி பக்கத்தில் நிறுத்தி இடம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

முடிவு அறிவித்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் மூன்று தாள்களையும் கையில் கொடுத்துவிடுங்கள். முறையிட 15 நிமிசம். கூட்டல் பிழைக்கும் விதி மீறலுக்கும் மட்டும், நடுவரின் ரசனைக்கு இல்லை. மார்க்கை அடித்துத் திருத்திய இடத்தில் நடுவரின் கையெழுத்து இல்லையென்றால் பழைய மார்க்தான் செல்லும்.