பன்னில் பூசணம், ஸ்குவாஷில் வெள்ளைத் துகள்

கேள்வி: எங்களுடையது சிறிய பேக்கரி. பூசணம் பிடிக்காமலிருக்க 10 கிலோ மைதாவுக்கு 30 கிராம் கால்சியம் புரோப்பியோனேட் போடுகிறோம். பன் மெத்தென்று வர இரண்டு தேக்கரண்டி சோடா உப்பும் உண்டு. சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டு பென்னாகரம் வரை அனுப்புகிறோம். மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கிறது. புரோப்பியோனேட் அளவைக் கூட்டலாமா, சார்பேட் என்கிற இன்னொரு பூசணத் தடுப்பு மருந்துக்கு மாறலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: 30 கிராம் போதும். கூட்டினால் ஈஸ்ட் மந்தமாகும், பன்னில் ஒரு புளித்த வாடை வரும். சார்பேட் ஈஸ்ட்டையே அடக்கிவிடும். அதை ஈஸ்ட் சேராத கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு சோடா உப்பில் இருக்கிறது. புரோப்பியோனேட் அமிலமாக மாறினால்தான் பூசணத்தின் செல்லுக்குள் நுழையும். மாவின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 5 என்றால் நூற்றில் 40 பங்கு அமிலமாக இருக்கும். 6 ஆனால் வெறும் 7 பங்கு. சோடா உப்பு பிஎச்சை ஏற்றுகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய மருந்தை நீங்களே முறித்துவிடுகிறீர்கள். அதை நிறுத்திவிட்டு 50 முதல் 100 மில்லி வினிகர் ஊற்றிப் பிசையுங்கள். போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகமென்றால் அதுவும் சோடா செய்கிற வேலையைத்தான் செய்யும். ஒகேனக்கல் குடிநீர் வருகிற இடமானால் அதிலேயே பிசையலாம்.

இன்னொன்று, அடுப்பிலிருந்து வரும் பன்னில் உயிருள்ள பூசணம் இருக்காது. ஆறவைக்கும் தட்டு, கை, பறக்கும் மைதாத் தூசி, இவற்றிலிருந்துதான் பிறகு ஒட்டுகிறது. சூட்டோடு கட்டினால் கவருக்குள் ஆவி நீர்முத்துகளாகப் படிகிறது. அந்த ஈரத்தில் எந்த மருந்தும் தாங்காது. கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். பன்னைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளேயும் வெதுவெதுப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: பெங்களூரா மாம்பழத்தில் ஸ்குவாஷ் செய்து, ஆறியபின், கெடாமலிருக்க சோடியம் பென்சோவேட் தூவிக் கலக்கினோம். அடியில் வெள்ளைத் துகள், மேலே பூசணம். ஏன்?
- மகளிர் குழு, பர்கூர்

பதில்: அந்தத் துகள் நீங்கள் போட்ட மருந்துதான். புளிப்பான கலவையில் தூளை நேரடியாகக் கொட்டினால், விழுந்த இடத்திலேயே அது பென்சாயிக் அமிலமாகத் திரிந்துவிடும். அது தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 3 கிராம்தான் கரையும். மீதி அடியில் தங்கும். மேலே இருப்பதற்கு மருந்து எட்டவில்லை.

ஸ்குவாஷில் பென்சாயிக் அமிலம் கிலோவுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 10 கிலோவுக்கு சோடியம் பென்சோவேட்டாக 7 கிராம். தேக்கரண்டிக் கணக்கு இதில் உதவாது, நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அந்த 7 கிராமை அரை டம்ளர் கொதித்த வெந்நீரில் முழுக்கக் கரைத்து, ஸ்குவாஷைக் கிளறிக்கொண்டே நூலாக ஊற்றுங்கள். பெங்களூராவில் இயல்பாகவே புளிப்பு குறைவு. சர்க்கரைப் பாகிலேயே 100 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்துவிடுங்கள். பாட்டிலில் ஒரு சொட்டு ஈரமும் நிற்கக் கூடாது. கழுத்து வரை நிரப்பி உடனே மூடுங்கள்.