ஆபீசில் கரண்டை மிச்சப்படுத்த விளையாட்டு உத்திகள் உதவுமா?

"லைட்டை அணைக்கவும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியும் யாரும் அணைப்பதில்லை, விளையாட்டு மாதிரி ஏதாவது செய்தால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இருக்கும். வீட்டில் கரண்ட் பில் நம் கைக்கு வருகிறது, ஆபீசில் வருவதில்லை. கண்ணில் படாத செலவு மனதிலும் நிற்காது. அதைக் கண்ணில் படவைப்பதுதான் முதல் வேலை.

ஸ்வீடனில் இன்டராக்டிவ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு மின்கம்பியை வடிவமைத்தது. மின்சாரம் ஓட ஓட அந்தக் கம்பியே நீலமாக ஒளிரும். அதிகம் இழுத்தால் வெளிச்சம் கூடும், அணைத்தால் அடங்கிவிடும். மீட்டரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

போட்டிக்கும் பலம் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் யார் அதிகம் எரிசக்தியை மிச்சப்படுத்துவது என்று 14 கட்டடங்களை மோதவிட்டது. வென்றது வட கரோலினாவில் ஒரு மாணவர் விடுதி. அதன் எரிசக்திப் பயன்பாடு 35 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

உங்கள் ஆபீசில் செய்வதானால் தனி ஆட்களை வரிசைப்படுத்தாதீர்கள், மனக்கசப்புதான் மிஞ்சும். மாடிக்கு மாடி போட்டி வையுங்கள். அப்புறம் ஏசி. 24 டிகிரியில் தொடங்குங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பு. ஆனால் ரிமோட்டைப் பூட்டி வைக்காதீர்கள். "குளிருது", "புழுங்குது" என்று இரண்டு பட்டன் கொடுத்துப் பாருங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் அழுத்துவார்.